வாய்முனைக் கட்டு

அத்தியாயம் 9

பத்மஸ்ரீ தன் சுண்டுவிரலை அந்தக் கறுப்பு ரப்பர் குழாய்க்குள் விட்டு ஒரு சுற்று சுற்றினாள். வெளியே எடுத்து மோந்து பார்த்தாள்.

"ருசியும் பாத்துருங்க மேடம். காலைல வேற ஒண்ணும் சாப்பிடல நீங்க" என்றான் கிங்ஸ்டன்.

"வெறும் தண்ணி. கூலன்ட் வாசனையே இல்லை."

"டிராக் ரேஸ்ல கூலன்ட் ஊத்த விட மாட்டாவ. ரோட்டுல சிந்துனா எண்ணெய் மாதிரி வழுக்கும். பச்சைத் தண்ணிதான்."

"அந்தப் பச்சைத் தண்ணியிலதான் உன் சிநேகிதன் வழுக்கிப் போய் உப்பளத்துல கவிழ்ந்திருக்கான்."

காவல் நிலையத்தின் பின்புறம், நீலத் தார்ப்பாயை விலக்கிய இடத்தில் அந்தக் கார் கிடந்தது. கார் என்று சொல்வதற்கு அதில் பாதிதான் மிச்சம். வளைவு நெளிவு இல்லாமல் நேர்கோட்டில் கால் மைல் பறக்கிற டிராக் ரேசுக்காக, ஒரு பழைய காரின் வயிற்றைச் சுத்தமாக வழித்துவிட்டுப் பெரிய இன்ஜினை உட்கார வைத்திருந்தார்கள். பின் சக்கரத்தில் எடை விழ வேண்டுமென்று ரேடியேட்டரை டிக்கிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இன்ஜினில் கொதிக்கிற தண்ணீர் டிரைவரின் காலடியை ஒட்டி ஓடும் ஓர் அலுமினியக் குழாய் வழியாகத்தான் பின்னால் போக வேண்டும். இன்ஜினிலிருந்து வரும் ரப்பர் குழாய் அந்த அலுமினியத்தோடு சேருகிற இடம், ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் முழு வேகத்தில் கழன்றுவிட்டது.

கொதிதண்ணீரில் கொஞ்சம் ஜாய்சனின் காலில். மீதி பின் டயருக்கு அடியில். கார் சுழன்று, வரப்பைத் தாண்டி, உப்புப் பாத்தியில் தலைகுப்புற விழுந்தது. ஜாய்சனுக்கு இடது கால் வெந்து, தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில். 'தண்ணிக் குழாய் வேலை முழுக்க என் மச்சினன் ஜெர்சன்தான் சார் பாத்தான்' என்று அவன் கொடுத்த வாக்குமூலத்தில் ஜெர்சன் லாக்கப்பில். கொலை முயற்சி. இன்று சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட் முன்னால் கொண்டுபோகிறார்கள்.

ஒருவனுக்கு மனைவி, மற்றவனுக்கு அக்காள், ஏஞ்சலின். அவள்தான் துப்பறிகிற பத்மஸ்ரீயிடம் வந்தாள். "என் தம்பி செஞ்சானா, செய்யலையா. அது மட்டும் எனக்குத் தெரியணும் மேடம். செஞ்சிருந்தான்னா அவன் முகத்துல நான் முழிக்க மாட்டேன்" என்றாள். அழவில்லை.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்ததே கிங்ஸ்டன்தான். ஜாய்சன் அவனுக்கு ஒரே தெரு, ஒரே படகு. பத்மஸ்ரீயிடம் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் இருவரும் ஒன்றாகச் சங்கு குளித்தவர்கள். படகில் கம்ப்ரசர் ஓட, அதிலிருந்து வரும் காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு அடியில் சங்கு பொறுக்குகிற பிழைப்பு. மேலே படகில் கயிற்றையும் குழாயையும் பிடித்திருக்கிறவன் கை அயர்ந்தால் கீழே இருக்கிறவன் கதை முடிந்தது. அதனால் அந்த இடத்தில் பெண்டாட்டியின் உடன்பிறந்தானைத்தான் உட்கார வைப்பார்கள். அக்காள் தாலியை எந்தத் தம்பியும் நழுவ விடமாட்டான் என்பது கடற்கரைக் கணக்கு. அந்தக் கணக்கு பொய்த்து யாரும் பார்த்ததில்லை.

"அதான் மேடம் எனக்கு ஆறல" என்றான் கிங்ஸ்டன். "கயிறு புடிச்ச கையாலேயே இந்த வேலை செஞ்சிருக்கான் பாருங்க."

"தீர்ப்பை நீயே சொல்லிட்டா எனக்கு எதுக்குச் சம்பளம்? இங்க பார்." பத்மஸ்ரீ கழன்ற முனையைக் காட்டினாள். "அலுமினியம் முப்பத்திரண்டு மில்லிமீட்டர். ரப்பர் முப்பத்தெட்டு. சின்னப் பையனுக்கு அப்பா சட்டை. அந்த இடைவெளியை மறைக்க சைக்கிள் டியூபை வாரா அறுத்து உள்ளே சுத்தியிருக்கு. மேலே ஒரு ஓஸ் கிளிப். கிளிப் வெளியே தெரியாம அதுக்கு மேலயும் டியூப் வார். பார்க்கிறவனுக்கு நல்லா இறுக்கிக் கட்டின மாதிரி இருக்கும்."

கிங்ஸ்டன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் கொஞ்சம் மாறியிருந்தது.

"இது சங்குப் படகுக் கட்டு மேடம். மெக்கானிக் எவனுக்கும் வராது. இந்த வண்டிப் பக்கம் போறவன்ல இப்படிக் கட்டத் தெரிஞ்சவன் மூணு பேருதான். ஜாய்சன், ஜெர்சன். அப்புறம் நான்."

"நீ ஞாயித்துக்கிழமை வரைக்கும் என்கூட நாகர்கோவில்ல இருந்தே. தப்பிச்சே."

"அந்த லாட்ஜ்ல இருந்ததுக்கு ஜெயிலே தேவலாம் மேடம்."

வெளியே சுற்றியிருந்த வாரின் நுனியைப் பத்மஸ்ரீ நகத்தால் நிமிர்த்தினாள். நுனி மட்டும் நசுங்கி, அடுத்தடுத்துக் குழி விழுந்திருந்தது. "இது என்ன?"

"பிளேயரால இழுத்திருப்பான்."

"பிளேயர்னா கோடு கோடா பதியும்" என்று சொல்லிவிட்டுக் குழாயை ஒரு மஞ்சள் பைக்குள் போட்டாள். இன்ஸ்பெக்டர் அவள் துறைமுகத்தில் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்த காலத்திலிருந்தே பழக்கம். நனைந்து வந்த சரக்கு கடல்நீரில் நனைந்ததா, மழையில் நனைந்ததா, முதலாளியே குடத்தால் ஊற்றினதா என்று மோந்து சொல்கிறவளுக்கு ஒரு குழாயை எடுத்துப்போக விடுவதில் அவருக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை.

துறைமுகச் சாலையில், கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்து அடித்தே அரை அடி நகர்கிற இடத்தில் ரோச் அண்ணாச்சியின் குழாய்க் கடை. கிரேனுக்கும் லாரிக்கும் விசைப்படகுக்கும் குழாய் வெட்டி முனை மாட்டித் தருவது தொழில்.

"ஏலே கிங்ஸ்டா, துப்பறியப் போனவன் நல்லதா ஒரு சட்டையும் கண்டுபுடிச்சிருக்கக் கூடாதா?" என்று வரவேற்றார்.

"இவங்க பத்மஸ்ரீ மேடம், அண்ணாச்சி. கவர்மென்ட் குடுத்தது இல்ல. ஆழ்வார்திருநகரில அப்பா வச்சது."

இந்த ஜோக்கை அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். பத்மஸ்ரீ கேட்டுக் கேட்டு அதை மின்விசிறிச் சத்தம்போல ஆக்கிக்கொண்டுவிட்டாள். பையிலிருந்து குழாயை எடுத்து மேசையில் வைத்தாள்.

ரோச் அண்ணாச்சி அதைத் தொடவில்லை. செத்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது என் கடைச் சாமான் இல்லை. லாரி ரேடியேட்டர் குழாய், நேர் குழாய். எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலயும் கிடைக்கும். இதைக் கட்டுனது ஜெர்சன்னா சொல்லுதாவ?"

"அப்படித்தான் கேஸ்."

"நல்லாருக்கு கேஸ். அவன் இந்த ஒரு இணைப்புக்காக இங்கன வந்து அரைநாள் என் உசுரை வாங்குனான். மரை போட்டுத் திருகுற ஃபிட்டிங்கா, கிளிப் போடுற முனையா? மரை போட்டது கழலாது, ஆனா அதுக்கு அலுமினியத்துல வெல்டிங் பத்த வைக்கணும், பத்த வச்ச இடம் அதிர்வுல வெடிச்சா என்ன செய்யன்னான். சரி கிளிப்தான்னா, அலுமினிய முனையில ஒரு வரம்பு எழுப்பிக் குடு, கிளிப் அதைத் தாண்டி உக்காரணும்னான். இன்ஜின் வாய் முப்பத்தெட்டு, அலுமினியம் முப்பத்திரண்டு. ரெண்டையும் முப்பத்தெட்டாக்கிருவோம், தண்ணி நிறையப் போகும்னேன். வேண்டாம், குழாய்லயே நிறையத் தண்ணி நின்னா வண்டி கனத்துரும்னான். கடைசியில ஒரு முனை பெருசு, ஒரு முனை சிறுசா சிலிக்கான்ல ரெடியூசர் வாங்குனான். நீல நிறம். கிளிப்பு சிலிக்கானைக் கடிச்சிராம இருக்க உள்பட்டை வச்ச கிளிப்பா ரெண்டு."

"நீலக் குழாய் வண்டியில இல்லை" என்றாள் பத்மஸ்ரீ.

"அப்ப எவனோ கழத்திட்டான்."

"ஏன் அவனே கழத்தியிருக்கக் கூடாது?" என்றான் கிங்ஸ்டன். "ஊரறிய நல்லதை வாங்குறது, யாருக்கும் தெரியாம கெட்டதை மாட்டுறது. கேட்டா, நான் அண்ணாச்சி கடையிலல்லா வாங்குனேன்னு சொல்லலாம்."

"ஏலே, உனக்கு அவன் மேல என்ன இம்புட்டுக் கோவம்?"

"கோவமில்ல அண்ணாச்சி. ஜாய்சன் என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதான். மச்சினன் கைவிட்டுட்டான் மக்கான்னு அழுதான். அவன் அழுது நான் பாத்ததே கிடையாது."

ரோச் அண்ணாச்சி சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஜெர்சன் இந்த வண்டிக்காகத் தன் படகை வித்தவன். அது உனக்கே தெரியும்" என்றார். அடுத்த குழாயை வெட்ட எடுத்தார்.

திரும்பி வருகிற வழியில் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த பத்மஸ்ரீ கேட்டாள்: "ஜெர்சன் எத்தனை வருஷம் சங்கு குளிச்சான்?"

"அவன் குளிச்சதே கிடையாது மேடம். சின்ன வயசுலயே காது சவ்வு கிழிஞ்சிட்டு. முங்க முடியாது. மேல கயிறும் மிஷினும்தான்."

"முழு நேரமும் மேலேயே?"

"மேலேயேதான். கடல்ல இருந்துக்கிட்டே நனையாத ஒரே ஆளு."

அவள் "ம்" என்றாள். அந்த 'ம்' கிங்ஸ்டனுக்குப் பிடிக்கவில்லை. அவள் கண்டுபிடித்துவிட்டதை எல்லாம் அந்த ஓர் எழுத்துக்குள்தான் ஒளித்து வைப்பாள்.

காவல் நிலையத்தில் ஜெர்சனை ரைட்டரின் மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். ஒல்லியான ஆள். தோளில் கயிறு உரசி உரசிக் காய்த்த தழும்பு. கிங்ஸ்டனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனான். கிங்ஸ்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அத்தானுக்கு எப்படி மேடம் இருக்கு? காலு நேராயிருமா?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

பத்மஸ்ரீ வேறொரு துண்டுக் குழாய், ஒரு பிளாஸ்டிக் முனை, கிளிப், சைக்கிள் டியூப் வார் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள். "தம்பி, உங்க படகுல கட்டுற மாதிரி இதைக் கட்டிக் காட்டுங்க."

அவன் யோசிக்கவில்லை. குழாயை முழங்காலுக்கு நடுவில் இடுக்கினான். முனையைச் செருகி, கிளிப்பை முடுக்கி, கிளிப்பின் வால் கையைக் கிழிக்காமல் இருக்க வாரை இரண்டு கையாலும் இழுத்துச் சுற்றி, நுனியைக் கடைசிச் சுற்றுக்கு அடியில் செருகி முடித்தான். வாரின் நுனியே வெளியில் தெரியவில்லை.

"குழாயோட இரண்டு முனையும் இப்படித்தான் கட்டுவீங்களா?"

"இல்ல மேடம். இது கம்ப்ரசர் மிஷின் முனை. இது என் பொறுப்பு. வாய்முனை அத்தான் பொறுப்பு. வாயில வைக்குறதை அடுத்தவன் கட்டக் கூடாது. நான் அதைத் தொடவே மாட்டேன்."

"அது வேற மாதிரி இருக்குமோ?"

"கிளிப்பு கிடையாது. மூஞ்சியைக் கிழிச்சிரும்லா. வெறும் வாருதான். கடைசி நேரத்துல, தண்ணிக்குள்ள இறங்குறதுக்கு முன்னால, நின்னுக்கிட்டே கட்டுவாவ. ஒரு கைல குழாய், ஒரு கைல முனை. வாரை இழுக்க மூணாவது கைக்கு எங்க போக?" ஜெர்சன் லேசாகச் சிரித்தான். "பல்லால கடிச்சு இழுத்து, அப்படியே விட்டுருவாவ. கிங்ஸ்டன் அண்ணனைக் கேளுங்க. அவரு கட்டுனா நாய் கடிச்ச மாதிரி இருக்கும்."

பத்மஸ்ரீ மஞ்சள் பையிலிருந்து விபத்துக் குழாயை எடுத்து அவன் கட்டியதன் பக்கத்தில் வைத்தாள். வாரின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. நசுங்கி. அடுத்தடுத்துக் குழி விழுந்து.

கிங்ஸ்டனின் நாக்கில் ரப்பர் கசப்பு ஏறியது. எத்தனை விடியற்காலைகள் அந்தக் கசப்போடு கடலில் இறங்கியிருப்பான். பிளேயர் என்று அவன் வாய்தான் சொன்னது. அவனுக்குத் தெரியாத கடியா அது?

ஜெர்சன் சிரிப்பதை நிறுத்தியிருந்தான். குழாயை எடுக்கவில்லை. பார்த்தான், அவ்வளவுதான். பிறகு பத்மஸ்ரீயைப் பார்க்காமல் ரைட்டரைப் பார்த்துச் சொன்னான்:

"சார், நான்தான் செஞ்சேன். எழுதிக்கிடுங்க."

ரைட்டர் பேனாவை எடுத்தார்.

"நேத்து முழுக்க இல்லைன்னு சொன்னீங்க" என்றாள் பத்மஸ்ரீ.

"பொய் சொன்னேன். இப்ப சொல்லுறதுதான் நிசம். அக்காகிட்டயும் அப்படியே சொல்லிருங்க." குரல் ஒரே சீராக இருந்தது. கை மட்டும், மேசையில் கிடந்த விபத்துக் குழாயின் வார் நுனியைத் தேடி எடுத்து உள்ளே செருகி மறைக்கப் பார்த்தது. பத்மஸ்ரீ குழாயை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வாசலுக்கு வந்ததும் கிங்ஸ்டன் பைக் சாவியைப் போடத் தெரியாமல் நின்றான்.

"எவன் மேடம் தன் காலடியிலேயே கொதிதண்ணியைக் கட்டிக்கிடுவான்?"

"அதனாலதான் நாம யாரும் அவனை நினைக்கலை" என்றாள். "கயிறு பிடிச்சவனையே சந்தேகப்பட்டோம். கயித்துல தொங்கினவனை யாரும் திரும்பிப் பார்க்கலை. நான் போய்க் கேட்டா அவன் வக்கீலைக் கூப்பிடுவான். நீ கேள்."

ஆஸ்பத்திரி அறையில் ஜாய்சன் கால் தூக்கிக் கட்டியிருக்கப் படுத்திருந்தான். ஏஞ்சலின் கஞ்சிப் பாத்திரம் கழுவ வெளியே போயிருந்தாள். கிங்ஸ்டனைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"வா மக்கா. ஜட்ஜ்கிட்ட கொண்டு போயாச்சா அவனை?"

"சாயங்காலம்தான்." கிங்ஸ்டன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பத்மஸ்ரீ கதவோரமே நின்றுவிட்டாள். "ஒரு சந்தேகம் மக்கா. கடலுக்குள்ள வாய்முனைக் கட்டு தளர்ந்தா நமக்கு எப்படித் தெரியும்?"

"என்னலே கேள்வி இது. புஸ்ஸுன்னு காத்து கசியும். காதுக்குள்ளயே கேக்கும்."

"கேட்டதும்?"

"கயித்தை ரெண்டு இழு இழுத்தா மச்சினன் தூக்கிருவான். எம்புட்டோ நேரம் இருக்கும் அதுக்கு."

"ஞாயித்துக்கிழமை கேட்டுச்சா?"

ஜாய்சனின் பார்வை கிங்ஸ்டனின் முகத்தில் எதையோ தேடியது. தேடியது கிடைக்கவில்லை போலும். கண்ணை மூடிக்கொண்டான்.

"கேக்கல மக்கா" என்றான். "நீலக் குழாயைக் கழத்திட்டு இதை மாட்டுனப்ப கேக்கும்னு நினைச்சேன். கொஞ்சம் கொஞ்சமா கசியும், என் காலடியிலதான இருக்கு, சத்தம் கேட்டதும் காலை எடுத்துரலாம், அதுக்குள்ள இன்ஜின் சூடேறிக் கெட்டுரும்னு நினைச்சேன். ஒரு சத்தமும் கேக்கல. ஒரேயடியாக் கழண்டுட்டு."

பச்சைக் கடலின் குளிரிலேயே வாழ்ந்த ரப்பரை மட்டும் தெரிந்தவன் கட்டிய கட்டு. கொதிக்கிற தண்ணீரில் ரப்பர் இளகும். இளகினால் கசியாது, எகிறும். ஜெர்சனுக்கு அது தெரியும். அதற்காகத்தான் அவன் அரைநாள் கடையில் நின்றான்.

"எதுக்கு மக்கா?"

"பஹ்ரைன்ல ஒரு டீம் கூப்பிட்டாவ. காயல்பட்டினத்துப் பய ஒருத்தன் அங்கன என் வீடியோவைக் காட்டிருக்கான். என்னைய மட்டும்தான் கூப்பிட்டாவ. வண்டி வேண்டாம், அவனும் வேண்டாம்." ஜாய்சன் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டான். "படகை வித்தவன்கிட்ட எந்த வாயால போயி, நான் போறேன், நீ இருன்னு சொல்ல? அவன் வேலையில குத்தம்னு ஆச்சுன்னா வண்டியும் முடிஞ்சிரும், நானும் கோவிச்சுக்கிட்டுப் போன மாதிரி இருக்கும். ஏஞ்சலினும் ஒண்ணும் சொல்ல மாட்டா. அம்புட்டுதான் நினைச்சேன். போலீஸ் வரைக்கும் போகும்னு எனக்கென்ன தெரியும்?"

"போலீஸ்கிட்ட பேரைச் சொன்னது நீதான்."

"கேட்டாவ, சொன்னேன். அப்புறம் எப்படி மாத்த?"

கிங்ஸ்டன் தன் கையைப் பார்த்தான். இந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். அழுதது வலியில் என்றால்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.

"அவன் உன் கட்டைப் பாத்துட்டான்" என்றான். "பாத்ததும் புரிஞ்சிட்டு அவனுக்கு. நான்தான் செஞ்சேன்னு ரைட்டர்கிட்ட எழுதிக்கச் சொல்லுதான். உனக்காக."

ஜாய்சன் கண்ணைத் திறந்தான். அந்தக் கண்ணில் கண்ணீர் வரும், இப்போதாவது வரும் என்று கிங்ஸ்டன் காத்திருந்தான்.

"அவனே ஒத்துக்கிட்டானா?" என்றான் ஜாய்சன். கையால் கிங்ஸ்டனின் மணிக்கட்டைப் பற்றினான். குரலைத் தாழ்த்தினான். "அப்ப அப்படியே விட்டுரு மக்கா. நல்ல வக்கீலா வைக்கேன். பஹ்ரைன் போயி அங்கனருந்தே எல்லாம் பாத்துக்கிடுதேன். மேடத்துக்கிட்ட நீ சொன்னா கேப்பாவ."

பாத்திரம் எங்கேயோ மோதும் சின்னச் சத்தம் கேட்டது. கதவோரம் பத்மஸ்ரீக்குப் பின்னால் ஏஞ்சலின் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் முகத்திலேயே இருந்தது.

"ஏஞ்சலின், நான் சொல்றதைக் கேளு—"

"மத்தியானம் ரெண்டு தரம் கஞ்சி கேட்டு வாங்கிக் குடிச்சீங்க" என்றாள் அவள். "எனக்கு அவன் மேல இருந்த ஆத்திரத்துல ஊட்டி வேற விட்டேன்."

அலமாரியில் இருந்த தன் கைப்பையை எடுத்தாள். நாற்காலியில் மடித்து வைத்திருந்த தன் போர்வையை எடுத்தாள். ஜாய்சனின் போனை அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். பத்மஸ்ரீ வராந்தாவுக்குப் போய் இன்ஸ்பெக்டரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தது தாழ்ந்த குரலில் உள்ளே கேட்டது.

"வண்டி இருக்குல்லா?" என்று ஏஞ்சலின் கிங்ஸ்டனிடம் கேட்டாள். "என்னை ஸ்டேஷன்ல விடு. அவன் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால நான் அங்க நிக்கணும்."

வராந்தாவில் நர்சின் மேசைக்கு முன்னால் அவள் நின்றாள். கழுத்தில் தொங்கிய, துணைக்கு இருப்பவர் அட்டையைக் கழற்றி வைத்தாள்.

"எங்கம்மா போறீங்க? பேஷண்ட் கூட ஆள் இருக்கணும். நாளைக்கு ஆபரேஷன் இருக்கு" என்றாள் நர்ஸ்.

"என் பேரை எடுத்துருங்க."

"எடுத்துட்டு வேற யார் பேரைப் போட?"

ஏஞ்சலின் படியிறங்கிக்கொண்டிருந்தாள். திறந்திருந்த கதவு வழியாக ஜாய்சன் கிங்ஸ்டனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். நர்சும் அந்தப் பார்வையைக் கண்டுவிட்டு, பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு கிங்ஸ்டனைப் பார்த்தாள்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம் சிஸ்டர்" என்றான் கிங்ஸ்டன். "அந்த இடத்தைக் காலியா விட்டுருங்க."